சதவீதத்துக்கு அடியில் இருக்கும் எண்: தேர்தல் தரவுச் செய்தியாளராக வருவோருக்கு

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. மாலை 7 மணி நிலவரம் 72.09 சதவீதம் என்றது தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம். நள்ளிரவு தாண்டி வந்த கணக்கு 69.46. கடைசியில் நின்றது 69.72. அப்போது மாநிலத்தில் வாக்காளர்கள் சுமார் 6.23 கோடிப் பேர். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையே உள்ள 2.63 புள்ளியை வாக்குகளாக மாற்றினால் 16 லட்சத்துக்கு மேல் வரும். 2019-இல் வாக்குப்பதிவு 72 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதனால் மாலை எண்ணை வைத்து எழுதியவர் "ஏறக்குறைய சென்ற முறை போலவே" என்று எழுதியிருப்பார். காலை எண்ணை வைத்து எழுதியவர் "மூன்று புள்ளி அளவுக்குச் சரிவு" என்று எழுதியிருப்பார். ஒரே தேர்தலுக்கு இரண்டு கதைகள்.

எந்த எண் எப்போது உறுதியாகிறது, அது எதை எதனால் வகுத்துக் கிடைத்தது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதே இந்த வேலையின் அடிப்படை. பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் சொல்லித் தந்தார்கள். தேர்தல் செய்திகளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை பகுதியில்தான் இருக்கின்றன. புதிதாக வருபவர் இந்த ஒன்றை உடம்பில் ஏற்றிக்கொண்டால் மீதியைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம்: ஒரே ஒரு தொகுதி

மாநிலம் முழுவதற்குமான தரவை முதல் நாளே இறக்கிக்கொண்டு உட்காராதீர்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு சட்டமன்றத் தொகுதியை எடுங்கள். அதன் படிவம் 20-ஐ மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின்படி தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் இது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு, செல்லத்தக்க வாக்குகளின் கூட்டல், நோட்டா, மொத்தம் ஆகியவை வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் தபால் வாக்கு தனி வரியாக வரும். குறைந்தது இரண்டு சட்டமன்றத் தேர்தல், இரண்டு மக்களவைத் தேர்தலுக்கான தாள்களைச் சேருங்கள். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மக்களவை வாக்கும் சட்டமன்றத் தொகுதி வாரியாகத்தான் எண்ணப்படுகிறது என்பதால் ஒப்பிட முடியும்.

முதல் தேர்தலின் தாளை நீங்களே கையால் எக்ஸல் ஷீட்டில் ஏற்றுங்கள். முந்நூறு வரி ஏற்ற மூன்று நாள் ஆகலாம். மென்பொருளிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் கையால் ஏற்றும்போதுதான் எந்தச் சாவடியில் யார் திடீரென்று எகிறுகிறார், எந்தக் கிராமத்தில் சுயேச்சைக்கு 200 வாக்கு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். அடுத்தடுத்த தாள்களுக்கு டாபுலா (பிடிஎஃப் அட்டவணையை எடுப்பது), டெசராக்ட் (படத்தில் உள்ள எழுத்தைப் படிப்பது) போன்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள். ஸ்கேன் செய்த தாளில் 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டிப் பார்த்தால் பிடிபடும்:

1. ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர்களின் வாக்கைக் கூட்டினால் அந்த வரியின் செல்லத்தக்க வாக்கு வர வேண்டும். அதோடு நோட்டாவைச் சேர்த்தால் மொத்தம்.
2. ஒவ்வொரு வேட்பாளரின் நிரலையும் மேலிருந்து கீழாகக் கூட்டினால் தாளின் அடியில் உள்ள இயந்திர வாக்கு வர வேண்டும்.
3. இயந்திர வாக்கையும் தபால் வாக்கையும் சேர்த்தால் அறிவிக்கப்பட்ட முடிவோடு பொருந்த வேண்டும்.

மூன்றில் ஒன்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தவறினாலும் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். 2016-இல் ராதாபுரம் 49 வாக்கிலும், 2021-இல் தியாகராய நகர் 137 வாக்கிலும் முடிவாகின. ஒரு இலக்கம் மாறிப் பதிவானால் வென்றவரே மாறிவிடுவார்.

சாவடி எண்ணை எப்போதும் எழுத்து வடிவமாக வையுங்கள். துணைச் சாவடிகளுக்கு எண்ணோடு எழுத்தும் வரும். அப்படி வைக்காவிட்டால் எக்ஸல் "12-1" போன்றவற்றைத் தேதியாக்கிவிடும். பழைய தமிழ் ஆவணங்களில் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் இருந்தால், நகல் எடுத்து ஒட்டும்போது குப்பையாக விழும். முதலில் எழுத்துரு மாற்றி, பிறகு பத்து வரியையாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து வருவதுதான் கடினமான இடம்: ஒரு தேர்தலின் சாவடியை இன்னொரு தேர்தலின் சாவடியோடு பொருத்துவது. 2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் மாநிலத்தில் சுமார் 88,900 சாவடிகள் இருந்தன. 2024-இல் அது 68,000 சொச்சம். ஆகவே 2021-இன் 120-ஆம் எண் சாவடியும் 2024-இன் 120-ஆம் எண் சாவடியும் வேறு வேறு ஊராகக்கூட இருக்கலாம். எண்ணை எண்ணோடு பொருத்தி "இந்தச் சாவடியில் கட்சி 40 புள்ளி இழந்தது" என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கட்டடத்தை வைத்துப் பொருத்துங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அன்று நான்கு சாவடி, இன்று மூன்று சாவடி இருந்தால், நான்கையும் கூட்டி ஒன்றாக்கி, மூன்றையும் கூட்டி ஒன்றாக்கி, பிறகு ஒப்பிடுங்கள். சாவடிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் உட்பட்ட தெருக்கள் கொடுக்கப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தத் தெருப் பெயர்கள்தான் தீர்ப்பு.

தமிழ்நாட்டுத் தாள்களில் மற்றொரு புதையலும் உண்டு. பல இடங்களில் ஆண் வாக்காளர், பெண் வாக்காளர், அனைத்து வாக்காளர் என்று சாவடிகள் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே பள்ளியில் ஆண் சாவடியும் பெண் சாவடியும் அடுத்தடுத்து இருந்தால், எந்தக் கணிப்பும் எடுக்காமலே பெண்கள் யாருக்குக் கூடுதலாகப் போட்டார்கள் என்று பார்க்கலாம். இப்படிப் பிரிக்கப்பட்ட ஊர்கள் மாநிலம் முழுவதற்கும் மாதிரியாகாது என்பதை மட்டும் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். 2024-இல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு, அதே பெயரும் முதலெழுத்தும் கொண்ட இன்னும் ஐந்து பேர் மனு செய்தார்கள். பெயரை மட்டும் திறவுகோலாக வைத்து அட்டவணைகளை இணைத்தால் ஒருவர் வாக்கு இன்னொருவர் கணக்கில் ஏறும். தொகுதி எண், வேட்பாளர் வரிசை எண், சின்னம் மூன்றையும் சேர்த்து ஒரு அடையாளம் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஷீட் தயாரானதும் அதை அச்செடுத்துக்கொண்டு தொகுதிக்குள் போங்கள். எண் விசித்திரமாக இருக்கும் பத்து சாவடிகளின் ஊர்களுக்குப் போய், பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்களிடம் பேசுங்கள். தண்ணீர்ப் பிரச்சினையா, உள்ளூர்ச் சண்டையா, வேட்பாளரின் சொந்த ஊரா என்று அவர்கள் சொல்வார்கள். எண் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், ஏன் என்பதை ஊர்தான் சொல்லும்.

பகுதி எது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்

வாக்குப்பதிவு சதவீதத்தில் மேலே இருப்பது பதிவான வாக்கு, கீழே இருப்பது வாக்காளர் பட்டியல். பட்டியல் மாறினால் சதவீதம் தானாக மாறும். ஒரு தொகுதியில் 2,50,000 பெயர்கள், 1,80,000 வாக்குகள் என்றால் 72 சதவீதம். இறந்தவர், இடம் மாறியவர் என்று 30,000 பெயரை நீக்கிய பிறகு அதே 1,80,000 பேர் வந்தால் 81.8 சதவீதம். ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை. 2025 இறுதியில் நடந்த தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அதற்கு முந்தைய தேர்தலையும் பிந்தைய தேர்தலையும் சதவீதத்தில் ஒப்பிட்டு "எழுச்சி" என்று தலைப்பு வைப்பது தவறான செய்தி. வாக்கு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். சதவீதம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பட்டியல் எவ்வளவு சுருங்கியது என்பதை அதே பத்தியில் சொல்லுங்கள்.

வாக்குப்பதிவு நாளன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் எண்கள் களத்திலிருந்து செயலி வழியாக வரும் தோராயங்கள். சாவடித் தலைமை அலுவலர் நிரப்பும் படிவம் 17சி-யில்தான் அந்தச் சாவடியில் பதிவான வாக்கு எழுத்துமூலமாக இருக்கும். அதன் நகல் பூத் ஏஜென்டுகளுக்குக் கொடுக்கப்படுகிறது. எனவே கட்சிக்காரர்களிடம் நல்ல தொடர்பு இருந்தால் அது உங்கள் கைக்கும் வரும். 17சி-யில் தபால் வாக்கு இருக்காது. அதனால் வாக்குப்பதிவு நாள் எண்ணும் முடிவு நாள் மொத்தமும் பொருந்தவில்லை என்று உடனே முறைகேடு எழுதிவிடக் கூடாது. தபால் வாக்கைக் கழித்துப் பாருங்கள். மாதிரி வாக்குப்பதிவில் போட்ட வாக்குகளை அழிக்க மறந்ததால் ஒதுக்கி வைக்கப்பட்ட இயந்திரங்கள் உண்டா என்றும் கேளுங்கள். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் அதுதான் செய்தி.

டெபாசிட் கணக்கு இன்னொரு கண்ணி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் டெபாசிட்டை இழக்கிறார். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. இதில் நோட்டா செல்லத்தக்க வாக்காகக் கணக்கில் வராது. மொத்தம் 1,80,000, அதில் நோட்டா 2,400 என்றால் பகுதி 1,77,600. ஆறில் ஒன்று 29,600. 29,800 வாங்கியவர் டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டார். நோட்டாவைக் கழிக்காமல் கணக்கிட்டால் வரம்பு 30,000 ஆகி, அவர் இழந்ததாக எழுதிவிடுவீர்கள். மறுநாள் காலை முதல் தொலைபேசி அழைப்பு அவரிடமிருந்துதான் வரும்.

கட்சி வாக்கு சதவீதத்தை எடுத்தால், கட்சி எத்தனை இடத்தில் நின்றது என்பதை ஒட்டியே சொல்லுங்கள். 2021-இல் பாஜகவின் மாநில அளவு வாக்கு 2.6 சதவீதம், ஆனால் நின்றது 20 இடத்தில். 234 இடத்திலும் நின்ற நாம் தமிழர் கட்சியின் 6.6 சதவீதத்தோடு அதை அருகருகே வைத்து ஒப்பிட்டால் அர்த்தமில்லை. சின்னமும் கட்சியும் ஒன்றல்ல. அதே தேர்தலில் திமுக 133 இடம் என்று ஆணையத்தின் அட்டவணை காட்டும். அதில் உதயசூரியன் சின்னத்தில் வென்ற கூட்டணிக் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர். திமுகவின் சொந்த உறுப்பினர்கள் 125. எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

8 சதவீதம் 10 சதவீதமானால் கூடியது 2 சதவீதப் புள்ளி. பழைய 8-ஓடு ஒப்பிட்டுச் சொன்னால் 25 சதவீத வளர்ச்சி. "2 சதவீதம் வளர்ந்தது" என்று டெஸ்கில் திருத்திவிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் பாருங்கள்.

நீண்ட கால ஒப்பீட்டுக்கு ஒரு எச்சரிக்கை போதும். 2008 மறுவரையறைக்குப் பிறகு தொகுதி எல்லைகள் மாறின. சட்டமன்றத்தில் 2011-தான் புது எல்லையில் நடந்த முதல் தேர்தல். அதே பெயருள்ள தொகுதியை 2006-ஓடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். 1989-இல் அதிமுக இரண்டாகப் பிரிந்து சேவல், இரட்டைப் புறா சின்னங்களில் நின்றது. வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு பள்ளம் விழுந்தால் அது கணினியின் பிழை அல்ல, நீங்கள் இரண்டையும் சேர்க்காததுதான் காரணம். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் வெளியிடும் லோக் தாபா தரவுத்தொகுப்பு இதில் நிறையச் சுத்தம் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும். அதையும் ஆணையத்தின் அறிக்கையோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

கருத்துக்கணிப்பு கைக்கு வந்தால்

முதலில் மாதிரியின் அளவு. பிழை வரம்பை மனக்கணக்காகவே போடலாம்: மாதிரி எண்ணின் வர்க்கமூலத்தால் 100-ஐ வகுங்கள். 400 பேர் என்றால் கூட்டல் கழித்தல் 5 புள்ளி. 1,000 பேர் என்றால் 3-க்குச் சற்று மேல். 2,400 பேர் என்றால் 2. இது ஒரு கட்சியின் சதவீதத்துக்கு மட்டும். இரண்டு கட்சிகளுக்கு இடையே உள்ள முன்னிலைக்கு வரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1,000 பேர் கணிப்பில் ஒரு அணி 41, இன்னொரு அணி 38 என்றால், அந்த 3 புள்ளி முன்னிலையின் பிழை வரம்பு சுமார் 5.5. அதாவது யார் முன்னால் என்றே தெரியாது. அந்தச் செய்திக்குச் சரியான தலைப்பு "கடும் போட்டி". உட்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த 1,000 பேரில் முதல்முறை வாக்காளர் 60 பேர்தான் என்றால் அவர்களைப் பற்றிய எந்த எண்ணுக்கும் வரம்பு 13 புள்ளி. "இளைஞர்கள் யார் பக்கம்" என்ற பெட்டிச் செய்தியை அதை வைத்து எழுதக் கூடாது.

இந்தக் கணக்கும் சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுத்ததுபோன்ற மாதிரிக்குத்தான் பொருந்தும். நடைமுறையில் 120 சாவடியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 20 பேரைப் பார்ப்பார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி வாக்களிக்கும் போக்கு உண்டு. ஆகவே இருபதாவது ஆளிடமிருந்து கிடைக்கும் புதுத் தகவல் குறைவு. அந்த ஒற்றுமை (0 என்றால் இல்லவே இல்லை, 1 என்றால் தெருவே ஒரே மாதிரி) 0.05 அளவுக்கு இருந்தாலே 2,400 பேர் மாதிரி சுமார் 1,230 பேர் மாதிரிக்குச் சமமாகிவிடும், பிழை வரம்பு 2-லிருந்து 2.8 ஆகும். ஆகவே "எத்தனை பேர்" என்று கேட்பதோடு நிற்காமல் "எத்தனை இடம்" என்றும் கேளுங்கள். எண்பதாயிரம் பேர் என்று பெருமையாகச் சொல்லும் கணிப்பு, பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் கிடைத்தவர்களைக் கேட்டதாக இருக்கலாம். ஒழுங்காக எடுத்த 2,000 அதைவிட மேல்.

ஒழுங்காக எடுப்பது என்றால் என்ன? சாவடியின் வாக்காளர் பட்டியலில் 1,100 பெயர், வேண்டியது 30 பேர். 1,100-ஐ 30-ஆல் வகுத்தால் இடைவெளி 36. 1-க்கும் 36-க்கும் இடையே ஒரு எண்ணைக் குலுக்கல் முறையில் எடுக்கிறீர்கள், 11 என்று வைத்துக்கொள்வோம். பிறகு 11, 47, 83 என்று போய்க்கொண்டே அந்தப் பெயருக்கு உரியவரைத் தேட வேண்டும். சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதி ஆய்வுகளில் பட்டியலிலிருந்து இப்படித்தான் பெயர் எடுக்கிறார்கள். வாக்கு யாருக்கு என்ற கேள்வியை வாயால் கேட்காமல் சின்னம் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். மாமியாரும் கணவரும் நிற்கும்போது ஒரு பெண் வாய்திறந்து சொல்லும் பதில் அவர் போடப்போகும் வாக்காக இருக்க வேண்டியதில்லை.

கெட்டுப்போவது களத்தில்தான். பகலில் போனால் வேலைக்குப் போன ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர் பட்டியலில் இருப்பார், வீட்டில் இருக்க மாட்டார். களப்பணியாளர் பக்கத்து வீட்டுக்காரரை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நீங்களே கணிப்பு நடத்தினால், ஒரே ஆளை மூன்று முறை, அதில் ஒருமுறையாவது மாலை 6 மணிக்குப் பிறகு, தேடிப் போக வேண்டும் என்று விதி வையுங்கள். முடித்த படிவங்களில் பத்தில் ஒன்றுக்குத் திரும்ப அழைத்துப் பேசுங்கள். நாற்பது கேள்வியை நான்கு நிமிடத்தில் முடித்த படிவம், ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று அனுப்பிய இருபது படிவம், எல்லாக் கேள்விக்கும் முதல் விடை குறித்த படிவம் ஆகியவற்றைத் தூக்கிப் போடுங்கள்.

பிறகு எடை போடுவது. மாதிரியில் ஆண் 60, பெண் 40 வந்துவிட்டது, பட்டியலில் 49, 51 என்றால் ஒவ்வொரு ஆணின் விடைக்கும் 0.82, பெண்ணின் விடைக்கும் 1.275 எடை. ஒரு கட்சிக்கு ஆண்களிடம் 36, பெண்களிடம் 44 ஆதரவு இருந்தால், எடை போடாத கணக்கு 39.2, போட்ட கணக்கு 40.1. இது நியாயமான திருத்தம். ஆனால் "சென்ற முறை யாருக்குப் போட்டீர்கள்" என்ற விடையை வைத்து எடை போட்டார்களா என்று தனியாகக் கேளுங்கள். வென்ற கட்சிக்குப் போட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் மக்களிடம் உண்டு. அதை அப்படியே நம்பி எடை போட்டால் எண் வேறு பக்கம் சாயும்.

"சொல்ல விருப்பமில்லை" என்றவர்களை என்ன செய்தார்கள் என்பது கடைசிக் கேள்வி, ஆனால் பல நேரம் அதுதான் முக்கியமானது. 18 சதவீதம் பேர் வாய் திறக்கவில்லை என்றால், அவர்களை மற்றவர்கள் சொன்ன விகிதத்திலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். பேசாதவர்களும் பேசியவர்களும் ஒரே மாதிரி என்பது வெறும் அனுமானம். கணிப்பை யார் செய்தது, யார் பணம் கொடுத்தது, மாதிரியின் அளவும் தன்மையும், தேர்ந்தெடுத்த முறை, பிழை வரம்பு ஆகியவற்றைச் செய்தியிலேயே தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை. இவற்றைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராத கணிப்பைப் போடாதீர்கள். தொலைக்காட்சிச் சின்னத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அந்த நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யாமல் தொடவே வேண்டாம்.

வாக்கு இடமாகும் இடம்

வாக்கு சதவீதத்தைச் சரியாகக் கணித்தும் இடங்களில் தோற்கலாம். 2006-இல் தேமுதிக 8.4 சதவீதம் வாங்கி ஒரே இடம் வென்றது. 2016-இல் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே சுமார் ஒரு புள்ளிதான் வித்தியாசம், மே மாதம் வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் இடங்கள் 134-க்கு 98. பல வாக்குக்கணிப்புகள் (வாக்களித்துவிட்டு வருவோரிடம் எடுப்பவை) திமுக அணி முன்னிலை என்று சொல்லித் தவறின. ஒரு புள்ளி இடைவெளியை 3 புள்ளி பிழை வரம்புள்ள கருவியால் அளக்க முடியாது. அங்கே கணித்தவரின் பிழையைவிட, வரம்பை மறைத்துவிட்டு ஒற்றை எண்ணைப் பெரிதாகப் போட்டவரின் பிழை பெரிது. 2024-இல் தேசிய அளவில் பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. வந்தது 293.

நீங்கள் சொந்தமாகச் செய்து பார்க்க எளிய வழி: சென்ற முடிவின் 234 வரிகளையும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அணியிலிருந்து 1 புள்ளி குறைத்து எதிரணிக்கு 1 கூட்டுங்கள். எத்தனை இடம் கைமாறுகிறது? பிறகு 2, 3, 4 என்று ஏற்றிப் பாருங்கள். எந்தப் புள்ளியில் இடங்கள் கொத்தாகச் சாய்கின்றன என்று தெரியும். எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவு ஊசல் என்பது உண்மையில் நடக்காது, வடக்கு, கொங்கு, டெல்டா, தெற்கு என்று வெவ்வேறாக ஆடும். மூன்றாவது அணி வலுவாக நின்றாலோ கூட்டணி மாறினாலோ இந்த அட்டவணை உடையும். கூட்டணி மாறும்போது கட்சிகளின் பழைய வாக்கை அப்படியே கூட்டிவிடுவது நம் ஊர் ஆய்வுகளின் தீராத நோய். சேர்ந்தவர்களின் வாக்கில் ஒரு பங்கு வராது என்று வைத்து, 100, 85, 70 சதவீதம் வந்தால் என்ன என்று மூன்று கணக்காகக் காட்டுங்கள்.

சட்டம் மூன்று இடத்தில் தடுக்கும்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 126அ பிரிவு, ஆணையம் அறிவிக்கும் காலத்தில், அதாவது முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்குவதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி வரை, வாக்குக்கணிப்பை வெளியிடத் தடை விதிக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். 2021-இல் தமிழ்நாடு ஏப்ரல் 6-இல் வாக்களித்தது. மேற்கு வங்கத்தின் எட்டாம் கட்டம் முடியும் வரை, ஏப்ரல் 29 மாலை 7.30 வரை, வெளியிட முடியவில்லை. உங்கள் சொந்த எக்ஸ் கணக்கும் யூடியூப் சேனலும் இதற்குள் அடக்கம். 126-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பு முடிவுகளைக் காட்டக் கூடாது என்கிறது. வாக்களிப்பின் ரகசியத்தைக் கெடுக்கும் படமோ காணொலியோ எடுப்பதும் குற்றம். அனுமதிச் சீட்டு இருந்தாலும் வாக்களிக்கும் மறைப்பின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

கணிப்பில் சேர்ந்த பெயர், தொலைபேசி எண், சாதி ஆகியவற்றைத் தனிக் கோப்பில் பூட்டி, பகுப்பாய்வுக் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். கட்சிக்காரர் கேட்டாலும் ஆசிரியர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சிறிய கிராமத்தில் சாதியும் வயதும் தெருவும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்ணிக்கை நாள்

அனுமதிச் சீட்டுக்கு முன்கூட்டியே மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். எண்ணும் கூடத்துக்குள் செல்பேசி கிடையாது, ஊடக மையத்தில்தான் வேலை. காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி கழித்து இயந்திரங்கள். பொதுவாக ஒரு சுற்றுக்கு 14 மேசை. 300 சாவடி என்றால் 22 சுற்று. இயந்திரங்கள் சாவடி எண் வரிசையில் மேசைக்கு வருவதால், முதல் சுற்று என்பது 1 முதல் 14 வரையிலான சாவடிகள். அதாவது தொகுதியின் ஒரு மூலை மட்டும். அந்த மூலை எப்போதும் ஒரு கட்சியின் கோட்டையாக இருந்தால், முதல் சுற்று முன்னிலைக்கு எந்த மதிப்பும் இல்லை.

முதல் மூன்று மாதம் ஏற்றிய ஷீட் இங்கேதான் பயன்படும். எண்ணிக்கைக்கு முதல் நாள் இரவே, புதுச் சாவடிப் பட்டியலின் வரிசைப்படி பழைய முடிவைச் சுற்றுகளாக அடுக்கி வையுங்கள். "சென்ற முறை மூன்றாம் சுற்று முடிவில் இவர் 4,100 முன்னால் இருந்தார், இப்போது 900-தான்" என்று உங்களால் சொல்ல முடியும். மற்றவர்கள் 900 வாக்கு முன்னிலை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் தோற்கப்போகிறார் என்பது உங்களுக்கு மூன்றாவது சுற்றிலேயே தெரியத் தொடங்கும். எத்தனை சுற்றில் எத்தனை முடிந்தது என்பதைச் சொல்லாமல் எந்த முன்னிலையையும் எழுதாதீர்கள். முன்னிலையை வெற்றி என்று எழுதவே கூடாது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள் (விவிபேட்) எண்ணப்பட்டு, சான்றிதழ் கொடுக்கப்படும் வரை அறிவிப்பு இல்லை.

வேலைக்குப் போவது

படிப்பு எதுவானாலும் பரவாயில்லை. பள்ளிக் கணிதமும், பிவட் டேபிளும், ஓரளவு பைத்தானோ ஆர் மொழியோ, வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ்ஸும், விளக்கப் படத்துக்கு டேட்டாராப்பரும் போதும். தமிழ்ச் செய்தி நிறுவனங்களில் தரவு டெஸ்க் என்று தனியாக இருப்பது அரிது. அரசியல் நிருபராகவோ சப் எடிட்டராகவோ சேர்ந்து, தேர்தல் நேரத்தில் இந்த வேலையை உங்களுடையதாக்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும் வழி. இரண்டு தேர்தலுக்கு நடுவே உள்ளாட்சித் தேர்தல் தரவு, இடைத்தேர்தல், வேட்பாளர்கள் சொத்து விவரம் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரங்கள், பட்ஜெட் ஆகியவற்றை எழுதுங்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு அமைப்பு. அதன் தாள்களின் வடிவம் மாறும். கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், பதிலுக்கு 30 நாள் அவகாசம்.

கட்சிகளுக்கு வியூகம் வகுக்கும் நிறுவனங்கள் நல்ல சம்பளத்தோடு கூப்பிடும். போவது உங்கள் விருப்பம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வேலை செய்ய முடியாது. போய்த் திரும்பினால், எந்தக் கட்சிக்கு எந்த ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, குறைந்தது அடுத்த தேர்தல் முடியும் வரை அந்தக் கட்சி பற்றிய கணிப்புகளைத் தொடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு மூன்று கட்டுரைகள் அனுப்புங்கள்: ஒரு தொகுதியின் சாவடி வாரிப் பகுப்பாய்வு, வெளியான ஒரு கணிப்பைப் பிரித்துப் பார்த்தது, பல தேர்தல்களின் ஒப்பீடு ஒன்று. ஒவ்வொன்றோடும் அதன் ஷீட்டை, சூத்திரங்கள் அழியாமல், இணையுங்கள். ஷீட்டின் கடைசித் தாளில் நீங்கள் கண்டுபிடித்துத் திருத்திய பிழைகளைத் தேதியோடு எழுதி வையுங்கள்: எந்தச் சாவடி, என்ன இருந்தது, என்ன ஆக்கினீர்கள், எதை வைத்து. வேலை தெரிந்த ஆசிரியர் முதலில் திறப்பது அந்தத் தாளைத்தான்.